செய்தி புரிந்தால் போதாதா?

நவம்பர் 3, 2024

ஒரு வாசகரின் கேள்வி: "உள்ளூர்ச் செய்தித் தளங்களில் பிழை, பிழை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ஒற்று விட்டுப்போனால் குடியா முழுகிவிடும்? பத்து நிமிடத்துக்கு முன் நடந்த விபத்தை யார் சந்தி பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள்? செய்தி புரிந்தால் போதாதா?"

நவம்பர் 3, இரவு 9.40

குடி முழுகத்தான் செய்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

நான் 14 வருஷம் திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் புரூப் பார்த்தவன். பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அங்கே இரண்டு இரண்டு பேராக உட்காருவோம். நிருபர் எழுதிய காப்பியை ஒருவர் வாய்விட்டு வாசிப்பார். இன்னொருவர் புரூப் தாளில் பேனாவோடு கூடவே வருவார். பெயர் வந்தால் வாசிப்பவர் நின்றுவிடுவார். "கண்ணன். நடுவில் மூணு சுழி, கடைசியில் ரெண்டு சுழி" என்பார். வயதை இரண்டு தடவை சொல்வார். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் என்றால் மூன்றாவது ஆளும் பார்த்த பிறகுதான் பக்கம் அச்சுக்குப் போகும். இறந்தவர் பெயரில் ஒரு எழுத்து மாறினால், மறுநாள் காலையில் அந்த வீட்டு ஆட்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். கோபமாகக்கூட இருக்காது. ஒரு மாதிரி தளர்ந்துபோய் நிற்பார்கள். அதைப் பார்த்தவனுக்கு "புரிந்தால் போதும்" என்று சொல்ல வாய் வராது.

'வேலை கொடு' (பணி), 'வேலைக் கொடு' (வேல்) என்ற பள்ளிக்கூட உதாரணத்தை விடுங்கள். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. திசையன்விளையை 'திசையன்விலை' என்று எழுதுகிறார்கள். பனையும் தென்னையும் நிற்கிற நிலத்தை எங்கள் பக்கம் விளை என்போம். திருநெல்வேலிக்குத் தெற்கே, கன்னியாகுமரி வரைக்கும், எத்தனையோ ஊர்ப் பெயர் அப்படி முடியும். அதை விலையாக்கினால் ஊரின் அர்த்தமே போய்விடுகிறது. மதுரை பக்கத்துப் பரவை ஒரு தளத்தில் 'பறவை' ஆகியிருந்தது. 'பறவை அருகே லாரி மோதி' என்று தலைப்பு. வெளியூர்க்காரர் படித்தால் என்ன நினைப்பார்?

நவம்பர் 4, காலை 6.15

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். இந்த ல, ள, ழ குழப்பம் எல்லாமே அறியாமையால் வருவதில்லை. பாதிக்கு மேல் விசைப்பலகையால் வருகிறது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டுகிறவருக்கு குளம் என்று நினைத்து அடித்தாலும் குலம்தான் முதலில் வந்து நிற்கும். அதைக் கவனித்து மாற்ற ஒரு நொடி வேண்டும். போனில் வாயால் சொல்லித் தட்டச்சு செய்தால் இன்னும் மோசம். 'ஏரிக் கறை உடைந்தது', 'பனிக்குச் சென்ற பெண்' எல்லாம் அப்படி வந்தவைதான். எழுதியவருக்குக் கரையும் தெரியும், பணியும் தெரியும். எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசிக்க ஆள் இல்லை.

நவம்பர் 4, மாலை 5.30

'வாழ்த்துக்கள்' தவறு, 'வாழ்த்துகள்' சரி என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். புரூப்பில் நானும் அப்படித்தான் திருத்தினேன். ஆனால் பழைய அச்சுப் புத்தகங்களில் 'எழுத்துக்கள்' என்று தாராளமாக இருக்கிறது. அதற்காக யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன். ஒரு தளம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதட்டும். ஒரே செய்தியில் மேலே 'கோவில்', கீழே 'கோயில்' என்று வந்தால், அதை யாரும் முழுசாகப் படித்துப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

நவம்பர் 6, இரவு 10.05

எழுத்துப் பிழையிலேயே நின்றுவிட்டோம். என்னைக் கேட்டால் எண் பிழைதான் பெரிய பிழை. கரை கறையானால் வாசகன் மனசுக்குள்ளே திருத்திக்கொள்வான். எண் தப்பானால் அவனுக்குத் தெரியவே தெரியாது.

தினமும் காலையில் அணை நீர்மட்டம் போடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தில் கடனா 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. இவை முழுக் கொள்ளளவுக்கான உயரங்கள். நீர்வளத் துறை தருகிற பட்டியலை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது ஒரு வரி விட்டுப்போனால், கீழே உள்ளதெல்லாம் ஒரு படி ஏறிவிடும். குண்டாறுக்கு அடவிநயினாரின் எண் வந்துவிடும். ஒரு நாள் காலை ஒரு தளத்தில் அதேதான் நடந்தது. 36 அடி அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீர் என்று போட்டிருந்தார்கள். கீழே வயல் வைத்திருக்கிற என் நண்பர் போன் செய்து, "என்னப்பா இது, அணையை உயர்த்திட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்கு அணை தெரியும், அதனால் கேட்டார். தெரியாதவர்கள்?

கன அடி, டி.எம்.சி. குழப்பம் இன்னொன்று. ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி, ஒரு டி.எம்.சி. அது தண்ணீரின் அளவு. ஓடுகிற வேகத்தைச் சொல்ல வேண்டும் என்றால் 'வினாடிக்கு இத்தனை கன அடி' என்று எழுத வேண்டும். அந்த 'வினாடிக்கு' என்ற சொல்லைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். 'மேட்டூர் அணை 120 டி.எம்.சி.யை எட்டியது' என்று படித்திருக்கிறேன். 120 என்பது அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 'வினாடிக்கு 2 டி.எம்.சி. திறப்பு' என்றும் ஒரு செய்தி பார்த்தேன். அப்படித் திறந்தால் நிரம்பிய மேட்டூர் முக்கால் நிமிடத்தில் காலி. நாள் ஒன்றுக்கு 2 டி.எம்.சி. என்பதைத்தான் அப்படி எழுதிவிட்டார்கள். வினாடிக் கணக்கில் அது ஏறக்குறைய 23 ஆயிரம் கன அடி. தட்டச்சு செய்தவர் ஒருமுறை பெருக்கிப் பார்த்திருந்தால் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும்.

நவம்பர் 7, இரவு 8.50

ஊரும் மாவட்டமும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. இன்றைக்கும் 'நெல்லை மாவட்டம் சங்கரன்கோவில்' என்று வருகிறது. சீர்காழியை நாகை மாவட்டத்தில் வைக்கிறார்கள், அது 2020 முதல் மயிலாடுதுறை. திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் எது? சிவகங்கை மாவட்டத்தில் ஒன்று, வேலூரிலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான ஒன்று. சிவகிரி ஈரோட்டிலும் உண்டு, தென்காசியிலும் உண்டு. ஆலங்குளம் எங்கள் பக்கத்தில் ஒன்று, விருதுநகர் மாவட்டத்தில் ஒன்று. 'ஆலங்குளம் அருகே விபத்து' என்ற தலைப்பைப் பார்த்து இரண்டு ஊர்க்காரர்களும் பதறுவார்கள்.

சட்டப் பிரிவுகளும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. இன்னமும் 302 என்று எழுதுகிற தளங்கள் பழைய செய்தியை வைத்து ஒப்பேற்றுகின்றன.

குண்டர் சட்டச் செய்தியில் 'ஓராண்டு சிறைத் தண்டனை' என்று எழுதுவது இன்னும் பெரிய தப்பு. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தடுப்புக் காவல் சட்டம். அதிகபட்சம் 12 மாதம் காவலில் வைக்கலாம். அது தண்டனை இல்லை. தண்டனை விதிக்க வேண்டியது நீதிமன்றம். ஒருவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று ஊருக்கு அறிவிக்கிற அதிகாரம் செய்தித் தளத்துக்குக் கிடையாது.

நவம்பர் 8, காலை 7.20

திருத்தம். நேற்று 302 பற்றி எழுதியது பாதிதான் சரி. வழக்கறிஞராக இருக்கிற என் தங்கை மகன் படித்துவிட்டுக் கூப்பிட்டான். "மாமா, ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். அந்த வழக்குகள் இன்னும் வருஷக்கணக்கில் ஓடும். தீர்ப்பு இன்றைக்கு வந்தாலும் 302 என்றுதான் இருக்கும்" என்றான். ஆகவே குற்றம் நடந்த தேதியைப் பார்த்த பிறகுதான் எது சரி என்று சொல்ல முடியும். 302 என்று சரியாக எழுதியிருந்த தளங்களையும் சேர்த்துக் குறை சொல்லிவிட்டேன், அது என் தவறு. மேலே உள்ள வரியை அழிக்கவில்லை. படித்தவர்கள் அதையும் இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

நவம்பர் 9, இரவு 11.30

"பிழை தெரிந்ததும் திருத்திவிடுகிறார்களே, பேப்பரில் அந்த வசதி உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்ல என் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு என் சித்தப்பா மகன் பைக்கில் வரும்போது எங்கள் ஆலங்குளம் பக்கம் விபத்து. பின்னால் உட்கார்ந்திருந்தவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். தம்பிக்குத் தொடை எலும்பு முறிவு, தலையில் தையல். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஒரு தளத்தில் செய்தி வந்துவிட்டது. 'பைக் மீது வேன் மோதல்: இருவர் பலி.' ஊர்ப் பெயர், தம்பி பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தன. அந்த ஒரு சொல் மட்டும் தப்பு. மற்றதெல்லாம் சரியாக இருந்ததால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

சித்திக்கு யாரும் சொல்லவில்லை. தெருவில் இரண்டு பெண்கள் அழுதுகொண்டே வருவதைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்தபோது மதினி எடுத்தாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம். "அவன் உயிரோடு இருக்கான், இப்பத்தான் தண்ணி கேட்டான்" என்று நான் சொல்கிறேன், அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். கடைசியில் போனை அவன் வாயருகே வைத்தேன். "அம்மா" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் வீட்டில் அழுகை நின்றது.

அன்று ராத்திரியே தளத்தில் 'ஒருவர் பலி, ஒருவர் படுகாயம்' என்று மாற்றிவிட்டார்கள். அதே சுட்டி. முன்பு வேறு மாதிரி இருந்தது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் முதல் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் மூன்று நாள் ஓடிற்று. தாராவியில் இருக்கிற சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ரயில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு நான் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினால், "அதில் சரியாகத்தானே போட்டிருக்கு?" என்கிறார்கள். யார் தப்புச் சொன்னது என்று காட்டக்கூட எங்களிடம் ஒன்றும் இல்லை.

பேப்பரில் பிழை வந்தால் மறுநாள் அதே பக்கத்தில் 'திருத்தம்' என்று சின்னதாக ஒரு கட்டம் வரும். நாலு வரிதான். அதைப் போடச் சொல்லி ஆசிரியரிடம் வாங்குவதற்குள் எங்கள் உயிர் போகும். ஆனால் அந்த நாலு வரியை வெட்டி வைத்துக்கொண்டு ஒருவர் ஊரில் நாலு பேரிடம் காட்டலாம். சத்தமில்லாமல் மாற்றிவிட்ட வரியை யாரிடம் காட்டுவது?

நவம்பர் 10, காலை 9.00

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'பலி' என்று எழுதும் முன் ஒரே ஒரு போன் போதும், ஆஸ்பத்திரிக்கோ காவல் நிலையத்துக்கோ. எங்கள் டெஸ்க்கில் அதற்கு ஒரு பழக்கம் இருந்தது. இறந்தவர் எண்ணிக்கையை மட்டும் பென்சிலில் வட்டம் போட்டு வைப்போம். பக்கம் போகும் கடைசி நிமிடத்தில் ஒருவர் மறுபடி கேட்டுச் சொல்வார். அதன் பிறகே வட்டத்தை அழிப்போம்.

நவம்பர் 13, மதியம் 1.10

தேதி. இதைத் தனியாக எழுத வேண்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. 'நெல்லை மாவட்டப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை' என்று ஒரு சுட்டி வந்தது. வீட்டில் எல்லோரும் நம்பி, பேரனை மறுநாள் அனுப்பவில்லை. வகுப்புத் தேர்வு போயிற்று. மத்தியானம் நான் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தேன். மேலே தேதி இல்லை, கீழே தேதி இல்லை, நடுவில் மூன்று விளம்பரம். கடைசிப் பத்தியில் 'காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது 2023 டிசம்பர் வெள்ளம். பத்து மாதத்துக்கு முந்தைய 'நாளை'யை நம்பிப் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டான்.

'இன்று', 'நாளை', 'நேற்று' மூன்றும் பேப்பருக்குப் பொருந்துகிற சொற்கள். பேப்பரின் தலையிலேயே தேதி இருக்கும், மறுநாள் அது பழைய பேப்பர் ஆகிவிடும். இணையத்தில் செய்திக்கு அப்படிப் பழசாகிற வழி கிடையாது. ஆகவே கிழமையும் தேதியும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். 'நாளை (அக்டோபர் 15, செவ்வாய்)' என்று எழுத எத்தனை எழுத்து அதிகம்?

மழை அளவும் கூடவே. 95 செ.மீ. ஊரையே மூழ்கடித்த மழை. 95 மி.மீ. ஒரு நல்ல ஐப்பசி மழை. கனமழை, மிக கனமழை, அதி கனமழை மூன்றுக்கும் வானிலை மையம் அளவு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் போனால்தான் அதி கனமழை. தலைப்புக்கு எடுப்பாக இருக்கிறதென்று 'அதி'யைச் சேர்ப்பவர்கள், நிஜமாகவே அது வரும் நாளில் எந்தச் சொல்லைப் போடுவார்கள்?

நவங்பர் 14, இரவு 9.15

மேலே தேதி வரியில் 'நவம்பர்' தப்பாக விழுந்திருக்கிறது. விரல் தவறியது. அதையும் அப்படியே விடுகிறேன்.

இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு. ஒரு பகுதி நேர நிருபர் எழுதியிருக்கிறார்: "செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. பெட்ரோல் என் கைக்காசு. காவல் துறை பிரஸ் நோட் குழுவில் வந்ததும் அஞ்சு நிமிஷத்தில் போடாவிட்டால் பக்கத்துத் தளத்துக்காரர் போட்டுவிடுவார்." இதைப் படித்த பிறகு முதல் நாள் எழுதியதில் இருந்த என் வேகம் கொஞ்சம் குறைந்தது. எங்களுக்கு இரண்டு பேர் வாசித்துப் பார்க்கச் சம்பளம் இருந்தது. அவருக்கு அவரே நிருபர், அவரே சப் எடிட்டர், அவரே புரூப்.

இருந்தாலும் பிரஸ் நோட்டை அப்படியே ஒட்டுவதை என்னால் ஏற்க முடியாது. போலீஸ் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் 'எதிரி'. அதை அப்படியே எடுத்து 'எதிரி கைது' என்று தலைப்புப் போட்டால், அவர் யாருக்கு எதிரி? ஊருக்கா, வாசகனுக்கா? கைதானவர் மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நாளைக்கு அவர் விடுதலை ஆனால் அந்தச் செய்தியை யாரும் போடப் போவதில்லை.

குழந்தைகள் விஷயம் அதைவிட முக்கியம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டும் அல்லாமல் முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரியக்கூடிய எதையுமே வெளியிடக் கூடாது என்கிறது. தளங்கள் பெயரை மறைத்துவிட்டு, 'இன்ன தெருவில் தையல் கடை வைத்திருப்பவரின் 2ஆவது மகள், இன்ன பள்ளியில் 8ஆம் வகுப்பு' என்று எழுதுகின்றன. அந்த ஊரில் அப்படி ஒரே ஒரு தையல் கடைதான் இருக்கும். பிரஸ் நோட்டில் இருந்தது என்பது சமாதானம் ஆகாது. வெட்ட வேண்டியதை வெட்டத்தான் ஆசிரியர் என்று ஒருவர் வேண்டும். அவசரமாக இருந்தாலும் காசு குறைவாக இருந்தாலும் இந்த ஒன்றில் நான் இறங்கி வர மாட்டேன்.

நவம்பர் 16, காலை 10.40

"புகார் செய்ய வழியே இல்லையா?" என்று கேட்டவருக்கு. 2021இல் வந்த டிஜிட்டல் ஊடக விதிகளில், செய்தி வெளியிடுபவர் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து 15 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதிகளின் சில உட்பிரிவுகளுக்கு அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இந்தியப் பிரஸ் கவுன்சிலின் வரம்பு அச்சுப் பத்திரிகைகளோடும் செய்தி முகமைகளோடும் நிற்கிறது. இதையெல்லாம் பிடித்துக்கொண்டு ஒரு கிராமத்து ஆள் எங்கே போவார்? தளத்தின் அடியில் ஒரு போன் நம்பரும், அதை எடுக்கிற ஒரு மனுஷனும் இருந்தால் எங்கள் சித்தி வீட்டு அழுகை அரை மணி நேரம் முன்னாலேயே நின்றிருக்கும்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. செய்தியின் தலையில் வெளியிட்ட தேதியும் நேரமும். மாற்றினால் அடியில் ஒரு வரி: 'இருவர் பலி என்று முதலில் வெளியிட்டது தவறு, இரவு 9 மணிக்குத் திருத்தப்பட்டது.' ஒற்று, சந்தி, சுழி எல்லாம் பிறகு மெதுவாக வரட்டும். புரூப் பார்த்தவனே இப்படிச் சொல்லலாமா என்று என் பழைய சகா ஒருவர் கோபித்துக்கொண்டார். யோசித்துத்தான் சொல்கிறேன்.

நவம்பர் 21, இரவு 8.20

சங்கரன்கோவிலை நெல்லை மாவட்டத்தில் போட்ட தளத்துக்கு அன்றைக்கே எழுதியிருந்தேன். இன்று சாயங்காலம் ஒரு தம்பி கூப்பிட்டார். தனி ஆளாக நடத்துகிறாராம். "ஐயா, மாத்திட்டேன். அடியில் நீங்க சொன்ன மாதிரி ஒரு வரியும் போட்டுட்டேன். பாருங்க" என்றார். பார்த்தேன், இருக்கிறது. அப்புறம் தயங்கித் தயங்கி, "ஊர்ப் பேரெல்லாம் சரியான எழுத்தில் ஒரு பட்டியல் கிடைக்குமா? போனில் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்" என்று கேட்டார்.

எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆலங்குளம், ஆழ்வார்குறிச்சி, ஊத்துமலை, கடையம், கீழப்பாவூர், சுரண்டை, சேர்ந்தமரம், பொட்டல்புதூர், வீரகேரளம்புதூர் வரை ஆகியிருக்கிறது. ஒரே பெயரில் வேறு மாவட்டத்திலும் ஊர் இருந்தால் பக்கத்தில் நட்சத்திரம் போடுகிறேன். வள்ளியூருக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர்கள் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது 'விளை' என்று முடிகிற ஊர்களை மட்டும், சுழியும் ளகரமும் சரிபார்த்து, கீழே எழுதுங்கள்.